பாறை இழுக்கும் கார்பன்: தருமபுரி, கிருஷ்ணகிரி வாசகர்களின் கேள்விகள்

போன இதழில் கார்பன் சுழற்சி பற்றி ஒரு சின்னப் பெட்டிச் செய்தி போட்டிருந்தோம். அதைப் படித்துவிட்டு தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து நிறையக் கடிதங்கள், பெரும்பாலும் பிளஸ் 2, கல்லூரி அறிவியல் மாணவர்களிடமிருந்து. பல கேள்விகளுக்கு அந்த மண்ணிலேயே பதில் கிடப்பதால் இந்த முறை பகுதி முழுவதும் அவர்களுக்கே.

பாலக்கோட்டிலிருந்து ஒரு வேதியியல் மாணவி: எங்கள் புத்தகத்தில் உள்ள கார்பன் சுழற்சிப் படத்தில் மரம், மாடு, ஆலை, கடல் எல்லாம் பெரிதாக இருக்கின்றன. பாறை மட்டும் அடியில் ஒரு கட்டமாகக் கிடக்கிறது. அதற்கு உண்மையிலேயே வேலை உண்டா?

உண்டு, நீண்ட காலக் கணக்கில் அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய வேலை. காற்றில் இன்று இருக்கும் கார்பன் சுமார் 88,000 கோடி டன். உலகத்துச் செடி கொடி மரங்களில் இருப்பது அதில் ஏறக்குறைய பாதி, மண்ணில் இருப்பது ஏறக்குறைய இரண்டு மடங்கு, கடலில் நாற்பது மடங்குக்கும் மேல். இதையெல்லாம் கூட்டினாலும் பாறைக்குப் பக்கத்தில் வைத்துப் பேச முடியாது, சுண்ணாம்புப் பாறை, களிப்பாறை இவற்றில் பூட்டிக் கிடக்கும் கார்பன் காற்றில் இருப்பதைப் போல் பல பத்தாயிரம் மடங்கு.

அது அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம், உங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரே போதும். மழை விழும்போதே காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு வருகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் விடும் மூச்சால் அந்த வாயு வெளிக்காற்றைவிடப் பல மடங்கு அதிகம் இருக்கும், அதையும் சேர்த்துக்கொண்டு நீர் வலுக்குறைந்த கார்பானிக் அமிலமாகிறது. அப்புறம் அது உங்கள் பக்கத்து நைஸ் (gneiss) எனும் உருமாறிய பாறையின் விரிசல்களில் இறங்கி, ஃபெல்ஸ்பார் போன்ற சிலிக்கேட் கனிமங்களை மெதுவாக அரிக்கிறது. ஃபெல்ஸ்பார் களிமண்ணாகிறது, கால்சியமும் சோடியமும் நீரில் இறங்குகின்றன, காற்றிலிருந்து வந்த கார்பன் பைகார்பனேட்டாக அதே நீரில் கரைந்து நிற்கிறது. வெந்நீர் வைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட்தான்.

உங்கள் இரண்டு மாவட்டங்களையும் வாட்டிய ஃபுளோரைடும் இதே வழியில் வந்தது. பயோடைட், ஹார்ன்பிளெண்ட், அபடைட் போன்ற கனிமங்கள் அரிபடும்போது அது நீரில் சேர்கிறது, பைகார்பனேட் மிகுந்து கால்சியம் குறைந்த நீரில் இன்னும் கூடுதலாகக் கரைந்து நிற்கும். பற்களில் கறை, எலும்பில் வலி என்று எத்தனையோ குடும்பங்கள் பட்ட பாட்டுக்குப் பிறகுதான் காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. பாடத்தில் ஒரு வரியாக வரும் பாறைச் சிதைவு உங்கள் ஊரில் ஒரு பொதுச் சுகாதாரப் பிரச்சினை, வேதியியல் படிக்கும் நீங்கள் இதை அப்படியே பார்த்துப் படிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

சரி, மீதிக் கதை. இந்தப் பைகார்பனேட் தென்பெண்ணை வழியாகக் கடலூர்ப் பக்கமும் காவிரி வழியாகப் பூம்புகார்ப் பக்கமும் வங்கக் கடலில் சேர்கிறது. அங்கே சிப்பியும் பவளமும் கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களும் கால்சியத்தோடு அதைச் சேர்த்து ஓடு கட்டுகின்றன. செத்த பிறகு ஓடு கடலடியில் படிந்து சுண்ணாம்புப் பாறையாகிறது. கணக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று: கால்சியம் சிலிக்கேட்டை அரிக்க இரண்டு மூலக்கூறு கார்பன் டை ஆக்சைடு செலவாகிறது, ஓடு கட்டும்போது ஒன்று திரும்ப வெளியே வந்துவிடுகிறது, ஒன்றுதான் கல்லில் நிற்கிறது. அரிபடுவது சிலிக்கேட் பாறையாக இல்லாமல் சுண்ணாம்புப் பாறையாகவே இருந்தால் வரவும் செலவும் சமம், காற்றிலிருந்து நிரந்தரமாக எதுவும் குறையாது. தேர்வில் பலர் தவறவிடும் இடம் இது.

வயல் வரப்பில் கிடைக்கும் சுக்கான் கல்லில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். நுரைத்து வருவது கல்லில் பூட்டியிருந்த அதே வாயு.

சாமல்பட்டி அருகிலிருந்து ஒருவர்: எங்கள் ஊர்ப் பக்கம் புவியியல் மாணவர்கள் வந்து கல் உடைத்து எடுத்துப் போகிறார்கள். கார்பனடைட் என்கிறார்கள். அதில் என்ன விசேஷம்?

சாதாரணமாகக் கார்பனேட் பாறை என்றால் கடலடியில் படிந்தது. உங்கள் ஊரில் இருப்பது அப்படி வந்ததே இல்லை, பூமியின் ஆழத்திலிருந்து குழம்பாக உருகி மேலே வந்து உறைந்தது, அதன் கனிமங்களில் பாதிக்கு மேல் கார்பனேட். உலகத்தில் இப்படிப்பட்ட இடங்கள் குறைவு. இப்போது கார்பனடைட் குழம்பைக் கக்கும் எரிமலை உலகத்திலேயே ஒன்றுதான், தான்சானியாவின் ஓல் டொய்ன்யோ லெங்காய். உங்கள் பகுதியிலோ ஒன்றுக்கு இரண்டு இடம்: ஒகேனக்கல்லில் இருப்பது சுமார் 240 கோடி ஆண்டுப் பழசு, சாமல்பட்டியில் இருப்பது அதற்கு வெகுகாலம் பின்னால் வந்தது.

மேலே சொன்ன சுழற்சியின் திரும்பும் பாதை இதுதான். கடலடிச் சுண்ணாம்பு புவித்தட்டுகளோடு பூமிக்குள் இறங்கி, வெப்பத்தில் சிதைந்து, எரிமலை வழியாக மறுபடி காற்றுக்கு வருகிறது. பூமியின் ஆழத்திலும் கார்பன் இருக்கிறது, அது மேலே வரும் என்பதற்கு உங்கள் ஊர்ப் பாறை சாட்சி. அடுத்த முறை அந்த மாணவர்கள் வந்தால் கூடவே போய் எந்தப் பாறை எது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஓசூரிலிருந்து ஒரு பிளஸ் 1 மாணவர்: வெள்ளியும் பூமியும் ஏறக்குறைய ஒரே அளவு. சூரியனிலிருந்து இருக்கும் தூரம் மட்டும்தான் பூமியில் உயிர் இருக்கக் காரணமா?

தூரம் ஒரு காரணம், அதோடு முடிந்துவிடவில்லை. முதலில் ஒரு பழைய புதிரைச் சொல்கிறேன். பிறந்த காலத்தில் சூரியன் இன்றைவிடச் சுமார் 30 சதவீதம் மங்கலாக இருந்தது. இன்றைய காற்றை வைத்துக் கணக்குப் போட்டால் அன்றைய பூமி முழுக்க உறைந்திருக்க வேண்டும். 1972இல் கார்ல் சாகனும் ஜார்ஜ் முல்லனும் இந்த முரணை எடுத்துச் சொன்னார்கள். ஆனால் கிரீன்லாந்தில் 380 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட, நீருக்கடியில் படிந்த பாறைகள் இருக்கின்றன. நீங்கள் நின்று பார்க்கும் கிருஷ்ணகிரி மலைக் கற்களே சுமார் 250 கோடி ஆண்டு வயதுடையவை, அவை உருவானபோது சூரிய ஒளி இன்றைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, இருந்தும் பூமியில் கடல் இருந்தது. அப்படியென்றால் சூடு எங்கிருந்து வந்தது?

காற்றில் அன்று பசுங்குடில் வாயுக்கள் மிக அதிகம் இருந்தன என்பதுதான் முக்கியமான பதில். சூரியன் பிரகாசமாக ஆக ஆக அவை குறைந்துகொண்டே வந்தது எப்படி என்று 1981இல் வாக்கர், ஹேஸ், காஸ்டிங் மூவரும் விளக்கினார்கள். காற்றை ஓர் ஏரி என்று வைத்துக்கொள்ளுங்கள். எரிமலை அதற்கு வரத்து, பாறைச் சிதைவு அதன் கோடி, அதாவது உபரி நீர் வழிந்து வெளியேறும் இடம். ஏரி மட்டம் ஏறினால் கோடி போகும் வேகமும் ஏறும், மட்டம் இறங்கினால் கோடி நின்றுவிடும், வரத்து மறுபடி நிரப்பும். அதேபோல் கார்பன் டை ஆக்சைடு கூடினால் பூமி சூடாகும், மழை கூடும், பாறை வேகமாக அரிபடும், வாயு குறையும். பூமி குளிர்ந்தால் எல்லாம் தலைகீழ். சுமார் 72 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமி ஏறக்குறைய முழுவதும் பனியால் மூடிக்கொண்டபோது மழையும் பாறைச் சிதைவும் ஏறக்குறைய நின்றுபோயின. எரிமலை மட்டும் நிற்கவில்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் வாயு சேர்ந்து சேர்ந்து கடைசியில் பனி உருகியது.

வெள்ளியில் இந்தக் கோடி அடைபட்டுவிட்டது. சூரியனுக்கு நெருக்கம், நீர் ஆவியானது, நீராவியே பசுங்குடில் வாயு என்பதால் இன்னும் சூடு, இன்னும் ஆவி. மேலே போன நீராவியைப் புற ஊதாக்கதிர் உடைத்தது, லேசான ஹைட்ரஜன் விண்வெளிக்குத் தப்பியது. இதற்குத் தடயம் உண்டு: கனமான ஹைட்ரஜன் தப்புவது கடினம், அதனால் வெள்ளியின் காற்றில் அதன் விகிதம் பூமியில் இருப்பதைவிட நூறு மடங்குக்கும் மேல். நீர் போனதும் பாறைச் சிதைவு நின்றது, எரிமலை விட்ட வாயு அப்படியே தங்கியது. இன்று அங்கே காற்றில் 96.5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, அழுத்தம் பூமியைப் போல் 90 மடங்குக்கும் மேல், தரையில் 460 டிகிரி செல்சியஸுக்கு மேல். நம் சுண்ணாம்புப் பாறைகளில் இருக்கும் கார்பன் முழுவதையும் காற்றில் விட்டால் பூமியும் கிட்டத்தட்ட அந்த அளவை எட்டும். இரண்டு கோள்களிடமும் ஏறக்குறைய ஒரே சொத்து, நாம் அதைக் கல்லில் வைத்திருக்கிறோம், வெள்ளி காற்றில் வைத்திருக்கிறது.

செவ்வாயின் கதை வேறு. விட்டம் பூமியில் பாதி, உள்சூடு சீக்கிரம் ஆறியது, எரிமலை ஓய்ந்தது, காந்தப்புலம் போனது, காற்றில் பெரும்பகுதி தப்பிவிட்டது. அங்கே அடைபட்டது வரத்து. அதனால்தான் வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைப் பற்றி "உயிர் வாழத் தகுந்த மண்டலத்தில் இருக்கிறது" என்று செய்தி வந்தால், அது தூரத்தைப் பற்றி மட்டுமே சொல்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே நீர் உண்டா, எரிமலை உண்டா, பாறை அரிபடுகிறதா என்பதெல்லாம் தனிக் கேள்விகள்.

தருமபுரியிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர்: பூமிக்கே இப்படி ஓர் ஏற்பாடு இருக்கும்போது, மனிதன் விடும் புகைக்கு ஏன் இவ்வளவு பயம்? காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருந்திருக்கிறது?

ஐயா, மாறிக்கொண்டுதான் இருந்தது, இந்தக் கேள்வியைக் கேட்டதற்கு நன்றி, ஏனென்றால் மேலே சொன்ன பதிலைப் படிக்கும் எவருக்கும் இந்த ஆறுதல் தோன்றும். பதில் வேகத்தில் இருக்கிறது. அந்தக் கோடி மிகக் குறுகலானது, ஒரு பெரிய மாற்றத்தைச் சரிக்கட்ட அதற்கு லட்சக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். உலகத்து எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு விடும் கார்பன் டை ஆக்சைடைப் போல் ஏறக்குறைய நூறு மடங்கை நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமென்ட் வழியாக நாம் விடுகிறோம், இப்போது ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன். கடலும் காடும் மண்ணும் அதில் பாதியை வாங்கிக்கொள்கின்றன, அதற்குமேல் அவற்றால் முடியவில்லை, வாங்கிய கடலும் அமிலத்தன்மை கூடி அவதிப்படுகிறது. மீதி காற்றில். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்துக்கு 280 பங்காக இருந்தது, சார்லஸ் கீலிங் ஹவாய் மலை உச்சியில் அளக்கத் தொடங்கிய 1958இல் 315, 2024இல் சராசரி 424ஐத் தாண்டியது. அண்டார்டிகா பனிக்கட்டிக்குள் சிக்கிய காற்றுக் குமிழ்களை அளந்ததில் கடந்த 8 லட்சம் ஆண்டுகளில் தொழிற்காலத்துக்கு முன் ஒருமுறைகூட இது 300ஐத் தாண்டியதில்லை.

இது எரிமலையிலிருந்து வரவில்லை, நம்மிடமிருந்துதான் என்பதற்கும் சான்று இருக்கிறது, உங்கள் மாணவர்களுக்கு நிச்சயம் சொல்லுங்கள். கார்பன் 14 என்பது கதிரியக்கத்தால் மெதுவாக அழியும் கார்பன் வகை, அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், சுமார் 5,730 ஆண்டு, கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்த நிலக்கரியில் அது துளியும் மிச்சமில்லை. நிலக்கரிப் புகை கலக்கக் கலக்க காற்றில் கார்பன் 14இன் விகிதம் நீர்த்துப்போவதை ஹான்ஸ் சூஸ் 1950களிலேயே மரங்களில் கண்டார். எரிமலைக் கார்பனிலும் கார்பன் 14 கிடையாதே என்று ஒரு மாணவர் மடக்கினால் மகிழ்ச்சியோடு அடுத்த சான்றைக் கொடுங்கள்: தாவரங்கள் லேசான கார்பன் 12ஐ விரும்பி எடுப்பவை, அவற்றிலிருந்து வந்த நிலக்கரியில் கார்பன் 13 குறைவு, காற்றிலும் இப்போது அதன் பங்கு குறைந்து வருகிறது, கூடவே ஆக்சிஜனும் எரிந்த அளவுக்கு நூலிழை குறைந்து வருகிறது. எரிமலையால் இந்த இரண்டும் நடக்காது.

பழைய உதாரணமும் ஒன்று உண்டு. 5.6 கோடி ஆண்டுகளுக்கு முன் சில ஆயிரம் ஆண்டுகளில் பெருமளவு கார்பன் காற்றில் கலந்து பூமி 5, 6 டிகிரி சூடானது. அன்று கார்பன் வந்த வேகம் இன்றைய வேகத்தில் பத்தில் ஒரு பங்குதான் என்பது இப்போதைய மதிப்பீடு. பாறைகள் அதைச் சரிசெய்தன, ஒன்றரை லட்சம் ஆண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டு. இந்தக் கோள் மீண்டுவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை ஐயா, எனக்குக் கவலை உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளையும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளையும் பற்றி.

காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு மாந்தோப்புக்காரர்: எங்களிடம் இவ்வளவு மாமரம் இருக்கிறதே, அது போதாதா?

உங்கள் மரங்கள் செய்வது நல்ல வேலைதான், காய்ந்த மரத்தின் எடையில் பாதி கார்பன். ஆனால் அது கடன் மாதிரி, மரம் பட்டுப்போனாலோ விறகானாலோ திரும்பிவிடும். இலை உதிர்ந்து மக்கினாலே ஒரு பகுதி திரும்பிவிடுகிறது. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில், அதாவது உங்கள் பெங்களூரா காய் லாரி ஏறும் நேரத்தில், ஹவாய் அளவீடு உச்சத்துக்குப் போகும், அப்புறம் வடபாதி உலகத்துக் காடுகள் துளிர்த்து செப்டம்பர், அக்டோபர் வரை இழுக்கும், மறுபடி ஏறும். உலகத்துக் காடுகளின் மூச்சே அந்த வளைகோட்டில் தெரிகிறது, கூடவே ஆண்டுக்கு ஆண்டு முழு வளைகோடும் மேலே போவதும் தெரிகிறது. மரம் வையுங்கள், இருப்பதை வெட்டாதீர்கள், பூமிக்கடியிலிருந்து தோண்டி எரிப்பதை அதை வைத்து ஈடுகட்ட முடியாது.

ஊத்தங்கரையிலிருந்து ஒரு மாணவி: 2024 பெஞ்சல் புயலில் எங்கள் ஊரே மிதந்தது. அது காலநிலை மாற்றத்தால்தானா?

டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர். ஓர் ஆண்டு முழுக்கப் பெய்ய வேண்டியதில் பாதிக்கு மேல் ஒரே நாளில். பேருந்து நிலையம் அருகே நின்ற வண்டிகள் அடித்துப் போனதை நாடே பார்த்தது. கடலிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கும் ஊருக்கு இது வரும் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

ஒரு தனிப் புயலைக் காட்டி "இது காலநிலை மாற்றம்தான்" என்று முத்திரை குத்துவது சரியில்லை, வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் வருவது பழைய வழக்கம், அது மெதுவாக நகர்ந்தால் ஒரே இடத்தில் கொட்டும். அறிவியல் சொல்லக்கூடியது வேறு: காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். 2024இல் உலகச் சராசரி வெப்பம் தொழிற்காலத்துக்கு முந்தையதைவிட ஏறக்குறைய 1.55 டிகிரி அதிகம் என்று உலக வானிலை அமைப்பு சொல்கிறது. ஆகவே முன்பு வந்த அதே புயல் இன்று வந்தால் கூடுதல் நீரைச் சுமந்து வரும். எந்த ஊரில் கொட்டும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம், கனமழை கூடும் என்பதைச் சொல்லலாம். அதனால் ஏரிக்கரையும் நீர்வரத்துக் கால்வாயும் இனி பழைய மழைக் கணக்கை நம்பி இருக்கக் கூடாது. உங்கள் பள்ளியில் ஒரு மழைமானி வைத்து தினமும் குறித்து வையுங்கள், இப்படிப்பட்ட பதிவுகள் எவ்வளவு நீளமோ அவ்வளவு பயன்.

தேன்கனிக்கோட்டை அருகிலிருந்து ஒரு விவசாயி: பாறைத் தூள் கார்பனை இழுக்கும் என்றால், எங்கள் பக்கத்துக் குவாரித் தூளை வயலில் கொட்டலாமா?

நல்ல யோசனை, உலகத்தில் பல இடங்களில் இதைச் சோதித்துக்கொண்டிருக்கிறார்கள். பாறையைத் தூளாக்கினால் மேற்பரப்பு பெருகும், ஆயிரக்கணக்கான ஆண்டு வேலை சில பத்தாண்டுகளில் நடக்கும் என்பது கணக்கு. ஆனால் எந்தக் கல் என்பது முக்கியம். சிவப்பு, சாம்பல் கிரானைட்டில் குவார்ட்ஸ் நிறைய, அது கிட்டத்தட்ட கரையவே கரையாது. கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த கருப்புக் கல், அதாவது டோலரைட், இந்த வேலைக்கு அதைவிட நல்லது, பசால்ட் எனும் எரிமலைப் பாறைக்கு உறவு. அந்த மாதிரிக் கல் ஒரு டன் முழுதாக அரிபட்டால் ஏட்டுக் கணக்கில் 0.3 டன் கார்பன் டை ஆக்சைடை இழுக்கும். நாம் ஆண்டுக்கு விடுவதை முழுக்க இதை வைத்து இழுக்க வேண்டுமென்றால் 12,000 கோடி டன்னுக்கு மேல் கல்லை அரைக்க வேண்டும், அரைக்கும் மின்சாரமும் லாரி டீசலும் தனி. உதவும், மாற்றாகாது.

உங்கள் வயலுக்கு வருகிறேன். பாலிஷ் பட்டறையிலிருந்து வரும் சேற்றைத் தொடவே வேண்டாம், அதில் பிசினும் உலோகத் துகளும் கலந்திருக்கலாம். கிரஷர் தூள் என்றால் முதலில் என்ன கல் என்று கேளுங்கள், வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் உங்கள் மண்ணின் அமில காரத் தன்மையைப் பாருங்கள். உங்கள் பக்கம் ஏற்கெனவே காரத்தன்மை கூடிய மண் என்றால் கல்தூள் நன்மை செய்யாது, மெதுவாகவும் கரையும். அமிலத்தன்மையுள்ள செம்மண் என்றால் ஒரு மூலையில் சின்னப் பாத்தியில் ராகியோ சாமையோ போட்டு, தூள் போடாத பாத்தியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கொட்டும்போது தூளை நனைத்துக்கொள்ளுங்கள், முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூசி நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும், அதற்குக் குணமாக்கும் மருந்து கிடையாது.